அளவு வில்

கட்டை குட்டைதான். எத்தனை தரம் அளந்தாலும் அது வளரப்போவதில்லை என்று குகபாலனுக்குத் தெரியும்; தெரிந்தும் அளவு நாடாவை இன்னொரு தடவை இழுத்து, ஒரு நுனியைப் பெருவிரலால் அமத்திப் பிடித்தபடி மற்ற நுனிக்குச் சாய்ந்தான். ஐம்பத்துமூன்று அங்குலம். காலையிலும் அவ்வளவுதான், போன கிழமையும் அவ்வளவுதான், மரம் என்ன பிள்ளையா பார்க்காத நேரத்தில் உயர்வதற்கு. நாடா தன் கூட்டுக்குள் சுருண்டு ஓடியபோது சுவருக்கு அந்தப் பக்கத்தில் சலவை இயந்திரம் தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. இன்றைக்கு அவர்கள் வீட்டு முறை. சுவிற்சர்லாந்துக்காரர்கள் எட்டு வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் என்று நிலவறையில் வைத்து, கோயில் பூசைக்கு முறை வைத்ததுபோல நாள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அதே நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு கூண்டும் உண்டு. மற்றவர்கள் அதற்குள் சைக்கிளும் பழைய சப்பாத்தும் உருளைக்கிழங்கும் வைத்திருக்க, குகபாலன் ஒரு பலகை மேசையும் ஒரு இடுக்கியும் வைத்து வில் செய்கிறான். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கிழமைக்கு ஐந்து நாள் நேர்கோட்டு மரத்தோடு மாரடிப்பவனுக்கு ஆறாம் நாள் ஒரு வளைவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். தவமலர் விரிப்புகளை இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு மேலே போய்விட்டாள். அது நின்றதும் இறங்கி வருவாள். வந்தால் கேட்பாள், என்ன வில் என்று முடிவெடுத்தாயிற்றா என்று, பருப்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்கிற குரலில். பனி கரைந்து காட்டில் பஞ்சால் செய்த மிருகங்களைக் குறிக்கு நிறுத்தி அம்பெய்ய விடுகிற நாளில் தன் கையில் ஒரு வில் இருக்கவேண்டும் என்கிறாள். அது இந்தக் கட்டையில் செய்ததாக இருக்கவேண்டும், வேறெதுவும் வேண்டாமாம். சொல்லி மாரி பாதி போய்விட்டது, இன்னும் ஒரு சீவல் விழவில்லை.

யூ மரம். இந்த ஊர்க்காரர் ஐபெ என்பார்கள். தமிழில் அதற்கு ஒரு பெயர் இருந்தால் குகபாலனுக்குத் தெரியாது. இலை நஞ்சு, விதை நஞ்சு, சீவும்போது பறக்கிற தூளும் நஞ்சு, ஆனால் வில்லுக்கு அதை அடிக்க மரம் இல்லை. வெளியே வெள்ளையாக ஒரு படை, உள்ளே சிவந்த வைரம். வெள்ளை இழுபட்டுக் கொடுக்கும், சிவப்பு நசிபட்டுத் தாங்கும், வில்லின் முதுகையும் வயிற்றையும் கடவுளே ஒட்டிவைத்து அனுப்பிய மாதிரி. ஆஸ்பத்திரியின் கார் தரிப்பிடத்து ஓரத்தில் அப்படி ஒரு மரம் கறுத்துப்போய் நின்றது. தவமலருக்கு இடது மார்பை எடுத்த பிறகு மூன்று கிழமைக்கு ஒரு தரம் மருந்து ஏற்ற வரச்சொன்னார்கள், அந்த நாட்களில் அவன் காருக்குள்ளேயே இருந்தான். உள்ளே வரவேண்டாம் என்று அவள்தான் சொன்னாள், நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தால் எனக்குத்தான் களைப்பு என்று. அவனும் சரியென்று இருந்துவிட்டான். ஏன் சரியென்று இருந்தாய் என்று இப்போது கேட்டால் என்ன சொல்லுவது, அவள் சொன்னாள் என்றா, இல்லை, அவள் சொன்னது அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்றா. கார்க் கண்ணாடிக்குள்ளால் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அடிமரத்தில் நேரான பகுதி எது, கணு எங்கே, வெட்டினால் எத்தனை வில் வரும் என்று. பெண்சாதியின் நரம்புக்குள் மருந்து இறங்குகிற நேரத்தில் மரத்தில் வில் எண்ணியவன். ஒருநாள் தலையில் கட்டிய துணியோடு அவள் சிரித்துக்கொண்டு வந்து காருக்குள் ஏறினாள். "இஞ்சாருங்கோ, உங்கட வில்லு மரம்தான் எனக்குள்ள ஓடுதாம்" என்றாள். அந்த மருந்தின் மூலம் யூ மரத்தில் இருந்து வந்தது என்று தாதி சொன்னாளாம். குகபாலனுக்குச் சிரிப்பு வரவில்லை. தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி கட்டிக்கொண்டு சீவுகிற மரத்தை அவளுக்குக் குழாய் வழியாக ஊற்றுகிறார்களா என்றுதான் நினைத்தான். பிறகு ஒரு புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. தோட்டக்காரரிடம் கெஞ்சி ஒரு துண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான், ஆளைவிட உயரமான துண்டு, தங்கம். வெட்டிய மரத்தின் இரண்டு முனையிலும் அன்றைக்கே பசையோ வண்ணமோ பூசி அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் முனை வழியாக ஈரம் ஓடி வெடிக்கும், இது பிள்ளைப் பாடம். ஆனால் அன்று பின்னேரம் தவமலருக்குக் காய்ச்சல், வெள்ளை அணு இறங்கிவிட்டது என்று அவசரப் பிரிவு, ஒரு கிழமை. திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு முனையிலும் வெடிப்பு ஓடியிருந்தது. வெட்டினான், வெடிப்புத் தெரிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நல்ல மரத்தையும் சேர்த்தே வெட்டினான், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும் என்பதால். சத்திரசிகிச்சை செய்த டொக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார், சுற்றிவர நல்ல சதையிலும் கொஞ்சம் எடுத்திருக்கிறோம் என்று. மிஞ்சியது ஐம்பத்துமூன்று.

சரி, ஐம்பத்துமூன்று. குறை சொல்லிக்கொண்டிருந்தால் வில் வராது, வழியைப் பார்ப்போம் என்று பென்சிலை எடுத்தான். கைப்பிடி விறைத்து நிற்க இரண்டு பக்கப் புயங்கள் மட்டும் வளைகிற தட்டை வில் ஒன்று. தவமலரின் பழைய வில் அந்தச் சாதி, இப்போதும் தலைக்கு மேலே ஆணியில் நாண் கழற்றித் தொங்குகிறது, அவள் உயரத்துக்கு மேலே நிற்கிற வில், சொன்ன சொல் கேட்கும். ஆனால் கைப்பிடியும் அதன் இரண்டு பக்கத்துச் சரிவும் முக்கால் சாணுக்கு மேல் தின்றுவிடும், அந்தப் பாகம் வளையாது, மிச்சப் புயங்கள்தான் முழுப் பாரத்தையும் சுமக்கவேண்டும், இழுத்தால் படார். அது போகட்டும். நுனிகளை நீராவியில் அவித்து முன்பக்கமாக மடக்கினால் என்ன, கடைசி இழுவையில் வில் கல்லாகிப் போவதை அது தடுக்கும். அதற்கென்று புட்டு அவிக்கிற பானை ஒன்றை முன்னரே எடுத்து வைத்திருக்கிறான். அதை இனி அடுப்படிக்குக் கொண்டு வந்தீர்களோ தெரியும் என்று தவமலர் அப்போதே சொல்லிவிட்டாள், நஞ்சுப் புட்டுத் தின்ன ஆசை இல்லையாம். ஆனால் மடக்குகிற ஒவ்வொரு நுனியும் ஒரு நாலு விரலைத் தின்னும், குட்டை இன்னும் குட்டையாகும், நடுப்பாகத்துக்கு வேலை இரண்டு மடங்கு. அதற்குமேல் முதுகில் மான் தசைநாரைக் கிழித்து, பசையில் தோய்த்து, பாய் பின்னுகிற மாதிரிப் படை படையாக ஒட்டலாம். வில்லுக் கழகத்தில் உர்ஸ் என்கிற வேட்டைக்காரன் சிரித்துக்கொண்டு ஒரு பை நிறையத் தந்துவிட்டான், இதை ஒட்டினால் கைக்குழந்தை உயரத்து வில்லையும் காதுவரை இழுக்கலாம் என்றான். ஒட்டலாம். ஒட்டினால் காய மாசக்கணக்கில் எடுக்கும், பாரம் கூடும், அவளுடைய கைக்குப் பாரம் கூடலாமா, அது வேறு. அப்ப ஒன்றும் வேண்டாம், கைப்பிடியும் சேர்ந்து முழுவதும் பிறைபோல வளைகிற சாதாரண வில். அதற்கும் கணக்கு உண்டு, நாண் பின்னுக்கு வருகிற தூரம்தான் இழுவை, அதைப்போல இரண்டு மடங்கு நீளம் வில்லுக்கு வேண்டும், கொஞ்சம் கூட இருந்தால் செய்தவனுக்கு நித்திரை வரும். தவமலரின் இழுவை இருபத்தாறு. இரண்டு மடங்கு ஐம்பத்திரண்டு. மிச்சம் ஒரு அங்குலம், அந்த ஒரு அங்குலத்தை நம்பி வில்லை அவள் முகத்துக்கு நேரே இழுக்கக் கொடுக்கலாமா, முறிந்தால் துண்டு எங்கே பறக்கும், எந்தப் பக்கம் பறக்கும். இடது பக்கம். அவன் பென்சிலை வைத்தான். திரும்ப எடுத்தான். இருபத்தாறு என்று மேசையில் எழுதியிருந்ததன் மேலேயே திரும்பவும் எழுதினான், கறுப்பாக, பலகை பள்ளமாகும் மட்டும். எந்த வழியால் போனாலும் கடைசியில் இந்த இருபத்தாறில் வந்து முட்டிக்கொள்கிறது, செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. அந்த எண்ணை மாற்றலாம் என்று ஏன் உனக்குத் தோன்றவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குக் காது கேட்டிராது. வெந்நீர்க் குழாய் சுவருக்குள் டொக் டொக் என்றது.

தவிர, அந்தக் கோடு. அதைப் பார்க்கக் கூடாது என்று காலையில் இருந்தே கட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான், இப்போது கை தானாகவே மறுபக்கம் புரட்டியது. இடது முனையில், சிவந்த வைரத்தில், மயிரிழை மாதிரி ஒன்று. கார்த்திகையில் முதன்முதலாகக் கண்டான். வாளின் பல் கீறியதாக இருக்கலாம், மரத்தின் இயற்கை வரியாக இருக்கலாம், பழைய வெடிப்பின் வால் உள்ளே மிச்சம் கிடப்பதாகவும் இருக்கலாம். நகத்தால் தடவினால் ஒருதரம் தட்டுப்படும், மறுதரம் தட்டுப்படாது. மின்குமிழை இந்தப் பக்கம் பிடித்தால் கோடு நீளம், அந்தப் பக்கம் பிடித்தால் கோடே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே பழித்துக்கொண்டான். அதை அறிய ஒரு வழி இருக்கிறது, அதுவும் அவனுக்குத் தெரியும்: ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்தால் மேற்பரப்பு உடனே காய்ந்துவிடும், வெடிப்பு இருந்தால் அதற்குள் போன ஈரம் மட்டும் கறுத்த கோடாக நிற்கும். போத்தல் வாங்கி வந்து தட்டில் வைத்துக் கன நாள். மூடி திறக்கவில்லை. திறந்து, துடைத்து, கறுப்பாக நின்றுவிட்டால்? அப்ப வெட்டவேண்டும், இரண்டு மூன்று அங்குலம் போகும், ஐம்பது ஆகும், ஐம்பதில் இருபத்தாறு இழுவைக்கு எந்தச் சாமியாலும் வில் செய்யமுடியாது, இந்தக் கட்டையின் கதை அத்தோடு சரி. துடைக்காமல் விட்டால் அது வெறும் கோடு. வெறும் கோடாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. தவமலருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை ஆறுமாதப் பரிசோதனை. இதுவரை எல்லாம் சுகம். எல்லாம் சுகம் என்றுகூட அவர்கள் சொல்லுவதில்லை, இந்த ஊர் டொக்டர்மார் வாயை விடமாட்டார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்த மட்டும் ஒன்றுமில்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரிந்த மட்டும். அந்த மட்டும் என்கிற சொல்லை எத்தனை இரவு மென்றிருப்பான். தெரியாதது எங்கே ஓடுகிறது, எந்த மயிரிழை வழியாக, எந்த வைரத்துக்குள். கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தோம் என்றார்களே, எவ்வளவு கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே, இல்லை, ஏன் அவ்வளவு எடுத்தார்கள், கமக்கட்டுவரை ஏன் போனார்கள், அதனால்தானே தோள் இறுகியது. இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தான், இரண்டும் அவனுக்கு உண்மையாகத்தான் இருந்தது. இயந்திரம் தண்ணீரை வெளியே கக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் இழுத்தது. அவனுக்குப் பயமாக இருந்தது.

பழைய வில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணியில் அளவு வில் தொங்குகிறது. சின்னப்பிள்ளையும் இழுக்கக்கூடிய மெல்லிய வில், அதற்கு ஒரு நீட்டு அம்பு, அம்பில் அங்குலத்துக்கு அங்குலம் கறுப்புக் கோடும் எண்ணும். வில் கேட்டு வருகிறவர்களை அவன் முதலில் அந்த வில்லைத்தான் இழுக்கச் சொல்லுவான். பக்கத்தில் நின்று குனிந்து, அம்பு வில்லைக் கடக்கிற இடத்தில் எந்த எண் என்று பார்ப்பான், அதுதான் அந்த ஆளின் அளவு. அளக்காமல் ஒருவருக்கும் வில் செய்ததில்லை. உர்சின் மனைவிக்கு அளந்தான், தொழிற்சாலை முதலாளிக்கு அளந்தான், ஒற்றைக் கண்ணால் குறி பார்க்கிற தபால்காரிக்கு இரண்டு தரம் அளந்தான். தவமலருக்கு மட்டும் இருபத்தாறு என்று மனப்பாடம். தொழிற்சாலைச் சுற்றுலாவில் முதன்முதல் அவள் வில்லைத் தொட்ட நாளின் அளவு அது: குளிர்ச் சட்டைக்குக் கீழே சுடிதார் பறக்க, மற்றவர்களின் மனைவிமார் எல்லாம் சிரித்துச் சிரித்து அம்பைப் புல்லுக்குள் விட்டுக்கொண்டிருக்க, அவள் பேசாமல் பெருவிரல் தாடையில் படும்வரை இழுத்து விட்டாள், பஞ்சுப் பன்றியின் காதுக்குக் கீழே போய் நின்றது. இதுவும் தேங்காய் துருவுகிற மாதிரித்தான், கையால் செய்யக்கூடாது, தோளால் செய்யவேண்டும் என்றாள். குகபாலனுக்குப் பெருமையும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது, ஏனென்றால் அவனுடைய அம்பு புல்லுக்குள்தான் கிடந்தது. அந்தத் தோள். போன வசந்தத்தில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண், இனி இவ்வளவுதான் வரும் திருமதி, இதை வைத்துக்கொண்டு வாழப் பழகுங்கள் என்றாளாம். தவமலர் வந்து அப்படியே சொல்லிவிட்டுக் கீரை ஆயத் தொடங்கினாள். அவன் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும், பிள்ளை வயது, நாள் போகப் போக எல்லாம் சரிவரும் என்றான். விரிப்பு மடிக்கும்போது தெரியும். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து உயர்த்துகிற நேரத்தில் அவளுடைய இடது கை தோள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும், விரிப்பு ஒரு பக்கம் சரியும், அவன் வேறெங்காவது பார்த்துக்கொண்டு தன் கைகளை முன்போலவே உயரத்தில் பிடித்திருப்பான், ஒன்றும் நடக்காத மாதிரி. அவளும் கையை உயர்த்த எட்டி எட்டிப் பார்ப்பாள். அவளுடைய இடது பக்கத்தை அவன் தொட்டுக் கன காலம் ஆகிவிட்டது. அவளும் உடுப்பு மாற்றும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், பின்னேரங்களில் உடுப்பு மாற்ற எதுவும் இல்லாத நேரத்திலும் சாத்திக்கொள்கிறாள், உள்ளே இருந்து சுவரைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும், சர், சர் என்று, பிறகு ஒரு மூச்சு. அழுகிறாளோ என்று கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். தட்டியதில்லை. தட்டினால் திறப்பாள், திறந்தால் பார்க்கவேண்டும். அளவு வில்லைக் கொடுத்தால் பக்கத்தில் நின்று எண்ணை வாசிக்கவேண்டும், வாசித்த பிறகு வாசிக்காத மாதிரி இருக்கமுடியாது. இருபத்தாறுக்கு ஒரு வில் செய்து கையில் கொடுத்தால் ஒருவேளை அந்த வில்லை இழுக்கவென்றே தோள் திரும்பி வராதா. கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவன்தான் அவன்; ஆனால் அந்த ஆசையையும் விட்டுவிட்டால் அவள் குணமாகி வருகிறாள் என்று நம்புவதற்கு அவனிடம் வேறு என்ன இருக்கிறது. சுவருக்கு அப்பால் இயந்திரம் வேகம் பிடித்துச் சுழன்றது, மேசையில் கிடந்த பென்சில் நடுங்கி உருண்டு கட்டையில் முட்டி நின்றது, பிறகு எல்லாம் ஓய்ந்தது.

படியில் செருப்புச் சத்தம். முதலில் சலவை அறைக் கதவு, பிறகு கூடை தரையில் வைக்கிற சத்தம், பிறகு மரச்சட்டத்துக்கு வெளியே அவள். இடது கையில் வீக்கத்தை அமத்துகிற தோல்நிற உறை, மணிக்கட்டுவரை. மேசையைப் பார்த்தாள், சீவல் இல்லாத தரையைப் பார்த்தாள், கறுப்பாகப் பள்ளம் விழுந்த இருபத்தாறைப் பார்த்தாள். அவன் அவசரமாகத் தசைநார்ப் பையை எடுத்துக் காட்டி, உர்ஸ் சொன்ன வழியை, நுனி மடக்குவதை, காய எடுக்கிற மாசங்களை ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த வில்லு ஆருக்குச் செய்யுறியள்?"

"இதென்ன கேள்வி. உமக்குத்தான்."

"எனக்கெண்டால் என்னையெல்லோ அளக்கவேணும்."

அவளே உள்ளே வந்து வலது கையால் அளவு வில்லை ஆணியில் இருந்து எடுத்தாள். தூள் இருக்கிறது, முகமூடி போட்டுக்கொள்ளும் என்றான். எனக்குள் ஊற்றினதைவிடவா என்றாள் அவள், அம்பை நாணில் பொருத்திக்கொண்டே. விரல் நுனிகள் மருந்துக்குப் பிறகு மரத்துப்போனவை, நாணைக் கண்ணால் பார்த்துத்தான் பிடித்தாள். பிறகு இடது கையை உயர்த்தினாள். அது ஒரே ஓட்டமாக உயரவில்லை, ஒரு இடத்தில் நின்று, மூச்சுவிட்டு, பிறகு கொஞ்சம் போனது. முழங்கை மடிந்தபடியே இருந்தது. வலது கை பின்னுக்குப் போய் தாடைக்கு வராமல் காறை எலும்புக்குக் கிட்ட நின்றது. வாசியுங்கோ என்றாள் பல்லைக் கடித்தபடி. வாசிக்க வேண்டுமென்றால் குனியவேண்டும், அவளுடைய இடது கைக்குக் கிட்ட, கமக்கட்டுக்குக் கிட்ட, மூன்று வருடமாக அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கடந்துபோன இடத்துக்குக் கிட்ட. குனிந்தான். அவளுடைய சோப்பு மணத்தது. கோட்டைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான், இருபத்துமூன்று என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, இரண்டு அங்குலப் பொய், யாருக்கு என்ன குறைந்துவிடும்.

"இருபத்தொண்டு" என்றான்.

அவள் நாணை மெதுவாகத் திரும்ப விட்டாள். "வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"நானெண்டால் இருபதுதான் வருமெண்டு இருந்தன்" என்றாள் தவமலர். முகம் வேர்த்திருந்தது, கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் கோடு கீறி வைத்திருக்கிறாளாம், விரல்களைச் சுவரில் மேலே மேலே நகர்த்திக் கை எவ்வளவு எட்டுகிறது என்று ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கிறாளாம், மார்கழியில் இருந்து கோடு அசையவில்லையாம், அதனால் இருபதோடு சரி என்று நினைத்திருந்தாளாம். அந்தச் சுரண்டல் சத்தம். ஐந்து அங்குலம் போய்விட்டது என்று அவன் நிற்க, ஒரு அங்குலம் வந்துவிட்டது என்று அவள் நிற்கிறாள். ஒரே அம்பு, ஒரே கோடு. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது, இருபத்தொன்றின் இரண்டு மடங்கு நாற்பத்திரண்டு என்று கணக்குப் பார்த்தான், வேறு வழி தெரியாமல்தான் பார்த்தான், பார்த்த பிறகுதான் விளங்கியது. நாற்பத்திரண்டு. கொஞ்சம் கூட வைத்தால் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. மடக்கவும் வேண்டாம், மான் தசையும் வேண்டாம், முழுவதும் பிறையாக வளைகிற சாதாரண வில்லுக்குக் கட்டை மிச்சம். தலைகீழாக நின்று தேடியது மிச்சம் என்று கிடக்கிறது.

கட்டையைப் புரட்டி இடது முனையை அவளுக்குக் காட்டினான். கோட்டைக் காட்டினான், வெடிப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றான். எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கார்த்திகையில் இருந்து என்றான். அவள் ஸ்பிரிட் போத்தலை எடுத்து, மூடியின் மேல் ஒட்டியிருந்த தாள் கிழியாமல் இருப்பதைப் பார்த்து, திரும்ப வைத்தாள். பிறகு கட்டையின் நடுவில் வலது கையை ஊன்றித் தன் பாரத்தைப் போட்டாள். வெட்டுங்கோ, தலைக்கு மேல வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்றாள். கோட்டுக்கு இங்கால், ஒரு பெருவிரல் நீளம் நல்ல மரத்தையும் சேர்த்து, அவன் வாளை வைத்தான். சிவந்த தூள் விழுந்தது. துண்டு கீழே விழுந்த சத்தம் நிலவறை முழுக்கக் கேட்டது. அதை நிமிர்த்தி வைத்து, உளியைக் கோட்டின் மேல் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினான். அடிபடக் காத்திருந்த மாதிரிப் பிளந்தது. உள்ளே வெடிப்பு இருந்தது, ஈரம் பட்டுக் கறுத்த நாக்கு ஒன்று, துண்டுக்குள் பாதிக்கு மேல் போய், வெட்டு வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இருந்திருக்கு" என்றாள்.

"ஓம். இஞ்சையோட முடிஞ்சுது."

"நிச்சயமோ?"

அவன் கட்டையின் புது முகத்தைப் பார்த்தான், மின்குமிழை இந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தான், அந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தான். "என்ர கண்ணுக்குத் தெரிஞ்ச மட்டும்" என்றான். சொன்ன பிறகுதான் யாருடைய வாய்ச்சொல் அது என்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் பிளந்த பாதியைக் கையில் எடுத்து, கறுத்த இடத்தை மரத்த விரலால் தடவிப் பார்த்து, மேசையில் இருபத்தாறின் மேல் வைத்தாள்.

காலையில் கொடியில் போட்ட விரிப்பு காய்ந்திருந்தது, ஈரத்துணியைப் போடுமுன் அதை எடுக்கவேண்டும், அடுத்த வீட்டுக்காரி மணி பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் சலவை அறைக்குப் போனார்கள். தவமலர் தன் இரண்டு மூலையைப் பிடித்தாள், அவன் தன் இரண்டு மூலையைப் பிடித்தான். பயம் எங்கேயும் போகவில்லை, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது. "செவ்வாய் உள்ளுக்கு வாறியளோ, காருக்குள்ளதான் இருக்கப் போறியளோ" என்று விரிப்பின் அந்தத் தலைப்பில் இருந்து அவள் கேட்டாள், இப்போது அங்கே பார்க்க மரமும் இல்லையே என்றாள். வருகிறேன் என்றான் குகபாலன். அவள் கைகளை உயர்த்தினாள். இடது கை தோளுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது, எட்டி எட்டிப் பார்த்தது. அவன் அந்தக் கையையே பார்த்தபடி தன் கைகளை இறக்கினான், இன்னும் கொஞ்சம் இறக்கினான். விரிப்பு சரியாமல் நின்றது. இரண்டு பேருமாக மடித்தார்கள்.